பேரும் அட்டையும் மறந்துபோன காமிக்ஸ் புத்தகம்: தேட எந்த வழி நல்லது?

அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. கணக்கு நோட்டு, சயின்ஸ் நோட்டு எதை எடுத்தாலும் கடைசி நாலு பக்கம் கட்டம் கட்டமா போட்டு கதை வரைஞ்சு வச்சிருப்பா. போன லீவுக்கு மன்னார்குடி வந்தப்ப கேட்டா, "மாமா, காமிக்ஸ் எப்படி செய்றாங்கன்னு ஒரு புத்தகம் சின்ன வயசுல பாத்தேன்னு சொல்வீங்கள்ல, அது பேரு என்ன, எனக்கு வேணும்"னு. பேரு வரல. எழுதினவங்க பேரும் வரல. அட்டை என்ன கலர்னும் வரல. உள்ள இருந்த மூணு படம் மட்டும் நேத்து பாத்த மாதிரி இருக்கு. அதை வச்சு ரெண்டு மாசம் தேடினேன், நெட்டு, லைப்ரரி, பழைய புத்தகக் கடை, காமிக்ஸ் ஆளுங்கன்னு ஒண்ணு விடல. நம்ம பக்கத்துல, தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர்னு எங்க இருந்தாலும் சரி, இதே மாதிரி ஒரு புத்தகத்தை மனசுல வச்சுக்கிட்டு தவிக்கிறவங்களுக்கு எந்த வழி எதுக்கு உதவும், எதுல காசும் நேரமும் வீணாகும்னு சொல்லிடலாம்னுதான் இதை எழுதுறேன்.

மொதல்ல ஞாபகத்துல என்ன இருந்துச்சுன்னு சொல்லிடறேன், ஏன்னா வழியை முடிவு பண்றதே அதுதான். 1996 மே மாசம். அப்ப நாங்க கும்பகோணத்துல இருந்தோம், எங்க தெருவுலயே டிராயிங் சார் வீடு. அவர் அங்க இருக்குற ஓவியக் கல்லூரியில படிச்சவர், கோபுலுவும் கும்பகோணத்துல ஓவியம் படிச்சவர்தான்டாங்கறதை மாசத்துக்கு ஒரு தடவையாச்சும் சொல்லிடுவார். 1941ல ஆனந்த விகடன் ஓவியர் மாலி, கோபுலுவைக் கூப்ட்டு திருவையாத்துக்குப் போய் தியாகராஜர் வீட்டு ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் பாத்து வரைஞ்சுட்டு வான்னு அனுப்பின கதையும் அவர் சொல்லித்தான் தெரியும். மேட்டூர் தொறந்து தண்ணி வர்ற வரைக்கும் பசங்க எல்லாம் காவேரி மணல்ல கிரிக்கெட் ஆடுவாங்க, நான் மத்தியானத்துல சார் வீட்டுத் திண்ணையில உக்காந்திருப்பேன். அங்கதான் அந்தப் புத்தகம்.

மூணு படம்னு சொன்னேன்ல. ஒண்ணு, ஒரே காட்சியைப் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தடவை வரைஞ்சிருப்பாங்க, மொதல்ல சப்புன்னு ஆளுங்க வரிசையா நிப்பாங்க, அடுத்ததுல அதே ஆளு அதே வேலைதான் ஆனா பாக்குற எடம் மாறியிருக்கும், ஒருத்தன் முதுகு முன்னாடி பெருசா வரும், பாக்கும்போதே நெஞ்சு தூக்கிப் போடும். ரெண்டாவது, கண்ணாடி போட்ட ஒரு ஆளு, கட்டம் போட்ட கோட்டு, கட்டத்துக்குக் கட்டம் நம்மளைப் பாத்துப் பேசிக்கிட்டே பாடம் நடத்துவாரு. மூணாவதுதான் என்னை விடவே இல்ல. ஒரு கட்டத்துல ஒருத்தன் இன்னொருத்தனைத் தொரத்திக்கிட்டு கோடாலியை ஓங்குறான், அடுத்த கட்டத்துல ஆளே கிடையாது, ராத்திரி நேரத்து ஊரும் ஒரு அலறலும் மட்டும். சார் அந்த ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல இருக்குற வெள்ளை இடத்துல விரலை வச்சு, "ஓங்கினது அவன், வெட்டினது யாரு?"ன்னார். நான் முழிச்சேன். "நீதான்டா, இந்த எடத்துல"ன்னார். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

சரி, தேடுற கதைக்கு வர்றேன். நெட்டுதான் எல்லாரும் மொதல்ல போற எடம், நானும் அங்கதான் போனேன், செலவு கிடையாது, ராத்திரி சாப்ட்டுட்டு படுத்துக்கிட்டே பாக்கலாம். ஆனா 'காமிக்ஸ் வரைவது எப்படி'ன்னு போட்டா நூத்துக்கணக்குல வருது, எல்லாமே அட்டையைத்தான் காட்டுது, எனக்கோ உள்பக்கம்தான் தெரியும். புத்தகத்துக்கு உள்ள இருக்குற வரியைத் தேடுற வசதி கூகுள் புக்ஸ்லயும் இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கற ஆன்லைன் லைப்ரரியிலயும் இருக்கு, நாவல் கட்டுரைன்னா ஒரு வரி ஞாபகம் இருந்தாலே பிடிச்சுடலாம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. காமிக்ஸ் உருவத்துலயே இருக்குற புத்தகம்னா கதை வேற, பலூனுக்குள்ள இருக்குறது கையால எழுதின எழுத்து, ஸ்கேன் பண்ற மெஷின் அதை அரைகுறையாத்தான் படிக்கும், அதனால நாம சரியான வரியைப் போட்டாலும் ஒண்ணும் இல்லைன்னு வரும். இது தெரியாம ஒரு வாரம் போச்சு எனக்கு. ஆர்க்கைவ்ல முன்ன மாதிரி எல்லாத்தையும் கடன் எடுத்துப் புரட்டிப் பாக்கவும் முடியாது, ஹார்பர்காலின்ஸ் உட்பட 4 பெரிய பதிப்பகங்க போட்ட கேஸ்ல 2023லயும் அப்புறம் 2024 செப்டம்பர்ல அப்பீல்லயும் ஆர்க்கைவுக்கு எதிராத்தான் தீர்ப்பு வந்துச்சு, 5 லட்சம் புத்தகத்துக்கு மேல கடன் வரிசையிலேர்ந்து போயிடுச்சு.

நெட்டுல நிஜமா உதவினது வேர்ல்ட்கேட். உலகம் முழுக்க இருக்குற லைப்ரரிகளோட கேட்லாக் எல்லாம் ஒண்ணா சேந்த எடம் அது. அங்க பேரு தெரியாட்டியும் பொருள் தலைப்பை வச்சுத் தேடலாம். அமெரிக்காவுல லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஒவ்வொரு புத்தகத்துக்கும் இது எதைப் பத்தினதுன்னு ஒரு தலைப்பு போட்டு வைக்கும், நம்ம விஷயத்துக்கு அது 'காமிக் புக்ஸ், ஸ்ட்ரிப்ஸ், எட்செட்ரா', அதுக்குப் பக்கத்துல 'டெக்னிக்'. இதைப் போட்டுட்டு, நான் பாத்தது 1996ல, அப்ப அதுக்கு அப்புறம் வந்தது எல்லாம் வேண்டாம்னு வருஷத்தையும் அடைச்சேன். அவ்வளவு பெரிய லிஸ்ட்டு மடமடன்னு சுருங்கிடுச்சு. அட்டை, பேரு, எழுதினவர்னு எதுவுமே இல்லாட்டியும் எந்த வருஷத்துக்குள்ள பாத்தோம்ங்கறது நமக்குத் தெரியும்ல, அதை மட்டும் விட்டுடாதீங்க. நெட்டுக்குப் போறதா இருந்தா நேரா இங்க போங்க, மத்ததுல சுத்தாதீங்க.

லைப்ரரி. இதைப் பத்தி எழுத எனக்கு ஆசை ஜாஸ்தி, ஏன்னா லைப்ரரிங்கறது நம்ம மண்ணுக்குச் சொந்த விஷயம். நூலகவியலோட தந்தைன்னு நாடே சொல்ற எஸ்.ஆர். ரங்கநாதன் 1892ல பொறந்தது நம்ம சீர்காழியில. 1931ல அவர் எழுதின அஞ்சு விதியில ரெண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர். அதே 1931லதான் எங்க மன்னார்குடிக்குப் பக்கத்துல மேலவாசல்ல கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில புத்தகத்தை ஏத்தி கிராமம் கிராமமா அனுப்பினார். இந்த ஊர்ல இருந்துக்கிட்டு லைப்ரரிக்குப் போகாம இருக்க எனக்கு மனசு வரல.

போய் என்ன கேக்கணும்னு தெரிஞ்சு போகணும், அதுதான் முக்கியம். "காமிக்ஸ் செய்றதைப் பத்தி ஒரு இங்கிலீஷ் புத்தகம் சார், பேரு தெரியல"ன்னா எந்த நூலகராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. பொருளுக்கு ஒரு நம்பர் போட்டு அடுக்குற டூயி முறையில அடுக்கியிருக்குற எடம்னா 741.5ன்னு நம்பரைச் சொல்லுங்க, கார்ட்டூன், காமிக்ஸ் எல்லாம் அங்கதான் வரும், நேரா அந்த அலமாரி முன்னாடி நின்னு ஒவ்வொண்ணா உருவிப் பாக்கலாம், படத்தை மட்டும் ஞாபகம் வச்சிருக்குறவங்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. எங்க பக்கத்து நூலகர் அம்மா ரொம்ப அக்கறையா தேடிக் குடுத்தாங்க, ஆனா அந்த நம்பர்ல அங்க இருந்தது நாலே நாலு, நாலும் குழந்தைங்களுக்கான டிராயிங் புத்தகம்.

அப்ப சென்னைக்குப் போகலாமான்னு யோசிச்சேன். கன்னிமாரா 1896லேர்ந்து இருக்குற லைப்ரரி, இந்தியாவுல அச்சாகுற ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒரு காப்பி அங்க வரணும்னு 1954 சட்டம், அதனால அங்க இல்லாதது எதுவும் இருக்காதுன்னுதான் நானும் நெனச்சேன். ஆனா அந்தச் சட்டம் இந்தியாவுல வெளியாகுற புத்தகத்துக்கு. அமெரிக்காவுல வந்த ஒரு காமிக்ஸ் பாடப்புத்தகம் அங்க இருந்தா அது யாரோ ஆசைப்பட்டு வாங்கினதா இருக்கணும், தானா வந்து சேராது. தமிழ்ப் புத்தகத்தைத் தேடுறீங்களா, யோசிக்காம மன்னை எக்ஸ்பிரஸ்லயோ உழவன் எக்ஸ்பிரஸ்லயோ ஏறி கன்னிமாராவுக்குப் போங்க. வெளிநாட்டுப் புத்தகம்னா பேரு தெரிஞ்சதுக்கு அப்புறம் போங்க, ஒரு ராத்திரி ரயில் செலவும் ஒரு நாள் லீவும் மிச்சம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் இதைத்தான் சொல்வேன்.

தஞ்சாவூர் சரஸ்வதி மகாலுக்கு இந்தத் தேடலுக்காகப் போறதுல அர்த்தமில்ல, அது சுவடிகளோட எடம். ஆனா வேற ஒரு காரணத்துக்காக அக்கா பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போனேன், அங்க மியூசியத்துல சார்லஸ் லெ ப்ரூன்ங்கற பிரெஞ்சு ஓவியர் வரைஞ்ச முகங்களோட படம் மாட்டியிருக்கு, மனுச மூஞ்சியும் மிருக மூஞ்சியும் பக்கத்துப் பக்கத்துல, ஒரு ஆளு மூஞ்சி ஆந்தை மாதிரியே இருக்கும், இன்னொரு ஆளு மாடு மாதிரி. கேரக்டர் வரையக் கத்துக்குற புள்ளைக்கு அதைவிடப் பாடம் என்ன இருக்கு. ஒரு மணி நேரம் அந்த எடத்தை விட்டு அவ நகரல.

பழைய புத்தகக் கடையைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். அங்க தேடக் கூடாது, அங்க கிடைக்கணும். கும்பகோணத்துலயும் தஞ்சாவூர்லயும் பழைய பேப்பர் கடைங்க ஏறி எறங்கினேன், கைடு, மாத நாவல், பக்தி மலர், நடுவுல பின்னு துருப்பிடிச்ச ராணி காமிக்ஸ் ஒரு கட்டு, அதை எடைக்கு வாங்கிட்டு வந்தேன், சந்தோஷம்தான், ஆனா தேடினது அது இல்ல. ஒரு குறிப்பிட்ட வெளிநாட்டுப் புத்தகம் வேணும்னு நெனச்சு இந்த வழியை நம்பினா வருஷக்கணக்குல ஆகும்.

அடுத்தது காமிக்ஸ் ஆளுங்க. இவங்களை நான் கடைசியாத்தான் கேட்டேன், மொதல்லயே கேட்டிருக்கணும். 1972ல சிவகாசியிலேர்ந்து இரும்புக்கை மாயாவியோட முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சதுலேர்ந்து, 1984ல லயன் வந்து, இன்னைக்கு வரைக்கும் விடாம சேத்து வச்சிருக்குறவங்க நம்ம மாவட்டங்கள்லயும் நெறைய பேர் உண்டு. இவங்க படத்தை வச்சே பழகினவங்க. சின்ன வயசுல எழுத்தைவிடப் படத்தை மனப்பாடம் பண்ணின கூட்டம், இரும்புக்கை மாயாவியை வரைஞ்சது ஸ்பெயின் ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோன்னு பின்னால தேடிப் பிடிச்சது வரைக்கும் எல்லாம் படத்து மேல இருந்த வெறியால. அதனால "நீல அட்டை"ன்னா அவங்களுக்கு உதவாது, "கோடாலி, அடுத்த கட்டத்துல ஊரு"ன்னா உடனே பிடிச்சுப்பாங்க. ஆகஸ்ட்ல ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு இந்த வாசகர்கள் கூடுறது வழக்கம், மயிலாடுதுறையிலேர்ந்து கோயம்புத்தூர் போற ஜனசதாப்தியில கும்பகோணம், தஞ்சாவூர்ல ஏறினா நேரா ஈரோட்ல எறங்கலாம். எனக்கு அவ்வளவு தூரம் போகவேண்டி வரல, திருவாரூர்ல ஒரு அண்ணன் இருக்கார், போன்ல மூணு படத்தையும் சொன்னேன்.

கோடாலின்னு சொல்லி முடிக்கல, "ஸ்காட் மெக்லவுட், அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ், 1993"ன்னார். கண்ணாடிக்காரர் அந்த மெக்லவுடேதானாம், புத்தகம் பூரா தன்னையே ஒரு கேரக்டரா வரைஞ்சுக்கிட்டு பேசுவாராம். அப்ப ஒரே காட்சியை ரெண்டு தடவை வரைஞ்சிருந்த பக்கம்? "அது இதுல இல்ல தம்பி. அது ஸ்டான் லீயும் ஜான் புசெமாவும் 1978ல போட்டது, ஹவ் டு டிரா காமிக்ஸ் தி மார்வெல் வே. நீ ரெண்டு புத்தகத்தை ஒண்ணாக்கி வச்சிருக்கே." நான் ஒத்துக்கவே இல்ல. ஒரே புத்தகம், ஒரே திண்ணை, ஒரே மத்தியானம், எனக்கு நல்லா தெரியும்னு சாதிச்சேன்.

இதுக்கு நடுவுல நடந்த ஒரு தப்பையும் சொல்லணும், அது வாங்கிப் பாத்துடலாம்ங்கற வழியைப் பத்தினது. தேட ஆரம்பிச்ச மொத வாரத்துலயே, வருஷத்தை எல்லாம் யோசிக்காம, 'மேக்கிங் காமிக்ஸ்'ங்கற பேரு சரியா இருக்கேன்னு ஆன்லைன்ல ஒரு விற்பனையாளர்கிட்ட ஆர்டர் போட்டேன். மெக்லவுடுக்கு 2006ல அந்தப் பேர்ல ஒரு புத்தகம் உண்டு, லிண்டா பேரிக்கு 2019ல அதே பேர்ல வேற ஒரு புத்தகம் உண்டு. நான் கேட்டது ஒண்ணு, பார்சல்ல வந்தது இன்னொண்ணு, திருப்பி எடுத்துக்கவும் இல்ல. அப்புறம் நெனச்சா ரெண்டுமே நான் திண்ணையில பாத்த வருஷத்துக்கு அப்புறம் வந்தது, எது வந்திருந்தாலும் தப்புதான். அதனால பேரு உறுதியாகாம காசு போடாதீங்க, போடும்போது பேரோட எழுதினவர் பேரையும் ஐ.எஸ்.பி.என். நம்பரையும் சேத்துப் பாத்துப் போடுங்க. 2007க்கு முன்னாடி அச்சான காப்பியில 10 இலக்கம்தான் இருக்கும், இப்ப 13, ரெண்டுல எதைப் போட்டாலும் தேட முடியும்.

ஆனா வந்த லிண்டா பேரி புத்தகத்தை அக்கா பொண்ணு கீழ வைக்கல. ஸ்கூல் நோட்டு மாதிரியே இருக்கும், முழுக்க பயிற்சிங்க, கண்ணை மூடிக்கிட்டு வரைய வைக்கிறது, ரெண்டு நிமிஷத்துல வரைய வைக்கிறது. எனக்கு வரைய வராதுன்னு சொல்ற யாருக்கும் இதைக் குடுக்கலாம். இதோட மத்ததையும் வச்சுப் பாத்தா, கத்துக்குறதுக்குன்னு எதை வாங்கலாம்ங்கறதும் தெளிவாச்சு. உடம்பு, தசை, பாயுறது, குத்துறது, பெர்ஸ்பெக்டிவ் வேணும்னா மார்வெல் வே, ஆனா அது ஹீரோ கதைக்கானது, நம்ம தெரு, நம்ம பாட்டி, பஸ் ஸ்டாண்டு கதை வரையுற புள்ளைக்கு அதுல பாதி தேவைப்படாது. வில் ஐஸ்னர் நியூயார்க்ல ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ்ல நடத்தின பாடத்துலேர்ந்து வந்தது 1985ல காமிக்ஸ் அண்ட் சீக்வென்ஷியல் ஆர்ட், நேரம் எப்படி நகருது, கட்டத்தோட வடிவம் என்ன பேசுதுன்னு அதுல இருக்கு, கொஞ்சம் வளந்த கைக்கு அது. மெக்லவுடோட 1993 புத்தகம் வரையச் சொல்லிக் குடுக்காது, பாக்கச் சொல்லிக் குடுக்கும், ஒரு கட்டத்துலேர்ந்து அடுத்ததுக்குப் போறதுல 6 வகை இருக்குன்னு பிரிச்சுக் காட்டுவார், அதைப் படிச்சப்புறம் எந்தக் காமிக்ஸையும் பழைய மாதிரி பாக்க முடியாது. அவகிட்ட பயிற்சிப் புத்தகம் ஏற்கனவே இருக்கு, அதனால அடுத்து மெக்லவுட்தான்னு முடிவு பண்ணி ஆர்டரும் போட்டாச்சு.

ரெண்டு புத்தகம்ங்கறதை நான் ஒத்துக்காம இருந்தேன்ல, அதுக்குப் பதில் கும்பகோணத்துலயே இருந்துச்சு. சார் தவறி ஆறு வருஷம் ஆச்சு. அவங்க வீட்டு அம்மாவுக்குப் போன் பண்ண எனக்கு ரெண்டு மாசம் கூச்சம், புத்தகத்துக்காக இத்தனை வருஷம் கழிச்சு கூப்பிடுறானேன்னு நெனச்சுப்பாங்களோன்னு. கூப்ட்டேன். "அது புத்தகம் இல்லப்பா, ஜெராக்ஸ் கட்டு. மெட்ராஸ்லேர்ந்து அவர் சிநேகிதர் அனுப்பினது. வா, எடுத்து வைக்கிறேன்"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை போனேன். காபி குடுத்துட்டு மேசை மேல வச்சாங்க. பிரவுன் அட்டை, கறுப்பு நூல்ல சாரே தைச்சது. அதான் எனக்கு அட்டையே ஞாபகம் இல்ல, அட்டைன்னு ஒண்ணு இருந்தாத்தானே. ஓரத்துல எல்லாம் ஜெராக்ஸ் மெஷினோட கறுப்பு நிழல், மொதல் பாதி மார்வெல் வே, நடுவுல எந்த அறிவிப்பும் இல்லாம அடுத்த பக்கத்துலேர்ந்து கண்ணாடிக்காரர். தலைப்புப் பக்கம் ரெண்டுக்குமே கிடையாது. பத்து வயசுப் பையனுக்கு அது ஒரே புத்தகமாத்தான் தெரிஞ்சிருக்கும். நெட்டுல எத்தனை ராத்திரி உக்காந்திருந்தாலும் அந்தக் கட்டை நான் கண்டுபிடிச்சிருக்க முடியாது. அதனால வரிசை சொல்லணும்னா எனக்கு இப்படித்தான் வருது: அந்தப் புத்தகத்தை யாரோட பாத்தீங்களோ அவங்களுக்கு மொதல்ல ஒரு போன், அவங்க இல்லாட்டி அவங்க வீட்டுக்கு. அப்புறம் படத்தைச் சொன்னா புரிஞ்சுக்குற ஆளு. அதுக்கப்புறம் வேர்ல்ட்கேட்ல பொருள் தலைப்பும் வருஷமும், லைப்ரரியில 741.5. காசு கடைசியில. வரி ஞாபகம் இருக்குறவங்க மட்டும் இதைத் தலைகீழா ஆக்கிக்கலாம், உங்களுக்கு கூகுள் புக்ஸே போதும்.

கட்டை எடுத்துக்கச் சொன்னாங்க, நான் எடுத்துக்கல, சார் கையெழுத்து இருக்குற பொருள் அவங்ககிட்டயே இருக்கட்டும்னு சில பக்கத்தை மட்டும் போன்ல படம் எடுத்துக்கிட்டேன். மார்ஜின் பூரா பென்சில்ல தமிழ்ல எழுதியிருக்கார். கோடாலிப் பக்கத்துல, ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல இருக்குற இடத்துக்கு இங்கிலீஷ்ல கட்டர் (gutter)னு பேரு, அதை அடிக்கோடு போட்டு பக்கத்துல 'வரப்பு'ன்னு எழுதியிருக்கார். கட்டம் வயல், நடுவுல வரப்பு. அதுக்குக் கீழ சின்னதா 'மனசு நடக்குற எடம், ரொம்ப ஒடுக்காதே'ன்னு.

அக்கா பொண்ணுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல போன் வந்துச்சு. "மாமா, வரப்பு எத்தனை மில்லிமீட்டர் விடணும்னு அந்த சார் எழுதியிருக்காரா?" எழுதல. சரி நானே போட்டுப் பாக்குறேன்னு வச்சுட்டா. ராத்திரி ஒரு பக்கம் வரைஞ்சு அனுப்பினா, மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுல ஒரு பாட்டி பஸ்ஸை விட்டுடற கதை, ஆறு கட்டம், ஸ்கேல் வச்சு 4 மில்லிமீட்டர் வரப்பு, பஸ்ஸு கிளம்புற கட்டத்துக்கும் பாட்டி தனியா நிக்கிற கட்டத்துக்கும் நடுவுல மட்டும் 10 விட்டிருக்கா.